உங்களுக்குத் தெரியுமா? போத்தலுக்குள் தேங்காய்ப்பூ

கனடாவிலிருந்து லீவில் வந்த தம்பி பெட்டியைத் திறந்தான். சொக்லேட்டும் சவர்க்காரமும் ஒதுங்க, அடியிலிருந்து ஒரு பேர்பன் விஸ்கிப் போத்தல் வெளியே வந்தது. மாதம்பையில் கொப்பரா சூளையோடு காலத்தைக் கழித்த மாமா மூடியைத் திறந்து மூக்குக்குக் கிட்டப் பிடித்தார்.

"இதென்ன மருமோன், வறுத்த தேங்காய்ப்பூ மணக்குது?"

"மாமா, அது சோளத்தில காய்ச்சினது. தேங்காய்க்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

மாமா மறுபடி முகர்ந்தார். தலையை ஆட்டினார். அந்தப் பின்னேரம் கிளப்பிவிட்டவைதான் இந்த வாரத் துணுக்குகள்.

✦

மாமாவின் மூக்கு பொய் சொல்லவில்லை. பேர்பனை ஊறவைக்கும் பீப்பா அமெரிக்க வெள்ளை ஓக் மரத்தில் செய்யப்படுவது. அந்த மரத்துக்குள் லாக்டோன் வகைச் சேர்மம் ஒன்று உண்டு. அதன் மணம் அசல் தேங்காய். 'விஸ்கி லாக்டோன்' என்றே அதற்குப் பெயர் விழுந்துவிட்டது. தேங்காய்க்குத் தேங்காய் மணம் கொடுப்பதும் லாக்டோன்களே. ஒரே குடும்பம், வேறு கிளை. போதாததற்கு, பீப்பாவின் உட்புறத்தை நெருப்பில் கருக்குகிறார்கள். மரத்திலுள்ள லிக்னின் உடைந்து வனிலா மணமாகிறது. மரச் சர்க்கரை தீய்ந்து சீனிப்பாகு மணமாகிறது. ஆகவே 'வறுத்த தேங்காய்ப்பூ' என்ற மாமாவின் தீர்ப்பில் 'வறுத்த' என்ற சொல்கூட வீணில்லை.

✦

அப்படியென்றால் நம் தென்னஞ்சாராயத்தில் தேங்காய் மணக்க வேண்டுமே? மணக்காது. அது தேங்காயைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. விரியாத பாளையைச் சீவி இறக்கும் கள்ளைக் காய்ச்சி வடிப்பது அது. தேங்காய்க்குள் இருக்கும் எண்ணெய்க்கும் பருப்புக்கும் அதில் வேலையே இல்லை. நல்ல சாராயத்தில் வருவது பூவும் பழுத்த பழமும் கலந்த ஒரு வாசம், பின்னால் கொஞ்சம் புளிப்பு.

சோளத்தில் செய்தது தேங்காய் மணக்கிறது. தென்னையில் செய்தது மணக்கவில்லை. வெளிநாட்டார் 'கோகனட்' என்ற சொல்லைப் போத்தலில் கண்டு பாயசம் மாதிரி ஒன்றை எதிர்பார்த்து ஏமாறுவது இதனால்தான்.

✦

பாளை சீவுவது ஒரு நாள் வேலையல்ல. மூடிய பாளையை நாரால் இறுகக் கட்டி, சிறு தடியால் பதமாகத் தட்டித் தட்டிப் பல நாள் பழக்க வேண்டும். அவசரத்தில் ஓங்கித் தட்டினால் பாளை அழுகும். பயந்து மெல்லத் தட்டினால் ஊறாது. பிறகு நுனியைச் சீவி முட்டியைக் கட்டினால் துளித்துளியாக விழும். நுனி காய்ந்து அடைபடாமலிருக்கத் தினமும் சீவிக்கொண்டே இருக்க வேண்டும். விழும்போதே முட்டியிலுள்ள ஈஸ்ட் வேலையைத் தொடங்கிவிடும். யாரும் எதுவும் சேர்க்கத் தேவையில்லை. பேர்பன்காரர் சோளத்தை அரைத்து, அவித்து, மாப்பொருளைச் சர்க்கரையாக்கி, ஈஸ்ட் போட்டு, நாட்கணக்கில் காத்திருந்து அடையும் இடத்தைத் தென்னை ஒரே நாளில் அடைந்துவிடுகிறது.

களுத்துறை, வாதுவைப் பக்கம் மரத்துக்கு மரம் கயிறு கட்டி, உச்சியிலேயே நடந்து கள் சேர்ப்பார்கள். நம் கரையோரத்தில் அப்படி நடந்தால் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும்.

✦

சீவின பாளை காய்க்காது. இது சின்ன விஷயமாகப் படலாம். தோட்டக்காரருக்கு இதுதான் முழுக் கணக்கும். புத்தளம், குருநாகல், கம்பஹா சேர்ந்த தெங்கு முக்கோணத்தில் தேங்காய்க்கே முதல் மரியாதை. 1929 முதல் தென்னையை ஆராயும் தெங்கு ஆராய்ச்சி நிலையம் நம் புத்தளம் மாவட்டத்தின் லுணுவிலயில்தான் இருக்கிறது. தேங்காய் விலை ஏறும் வருடத்தில் பாளையைச் சீவ விடுவதா, காய்க்க விடுவதா? சாராயப் போத்தலின் பெறுமதி வடிசாலையில் தொடங்குவதில்லை, தோட்டத்து வரப்பில் நின்று யோசிக்கும் அந்த நிமிடத்தில் தொடங்குகிறது.

✦

பேர்பன் என்று பெயர் வைக்க என்ன வேண்டும்? அமெரிக்காவில் செய்திருக்க வேண்டும். தானியக் கலவையில் குறைந்தது 51 வீதம் சோளம் இருக்க வேண்டும். உள்ளே கருக்கிய புத்தம் புதிய ஓக் பீப்பாவில் ஊற வேண்டும். வடிக்கும்போது 80 வீதத்துக்கு மேல் மதுசாரம் ஏறக்கூடாது. பீப்பாவுக்குள் போகும்போது 62.5-க்கு மேல் கூடாது. போத்தலில் 40-க்குக் குறையக்கூடாது. நிறமோ சுவையோ சேர்க்கக்கூடாது. 1964-இல் அமெரிக்கக் காங்கிரஸ் இதைத் தங்கள் நாட்டுக்கே உரிய பானம் என்று தீர்மானமே போட்டது. கென்டக்கி மாநிலத்தில்தான் செய்ய வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி விதி இல்லை. பெரும்பாலும் அங்கே செய்கிறார்கள், அவ்வளவுதான்.

✦

நம் போத்தலில் என்ன வாசிக்க வேண்டும்? ஒரே ஒரு கேள்வி: இதில் தென்னை எவ்வளவு?

'சாராயம்' என்ற ஒரே பெயரின் கீழ் இரண்டு உலகங்கள் இருக்கின்றன. முழுக்கத் தென்னங்கள்ளில் வடித்தது ஒன்று. கரும்புச் சீனி ஆலையில் மிஞ்சும் பாகிலிருந்தோ வேறெதிலிருந்தோ வடித்த மணமற்ற மதுசாரத்தோடு கொஞ்சம் தென்னஞ்சாராயத்தைக் கலந்தது மற்றது. அந்தக் 'கொஞ்சம்' சில மலிவுச் சரக்கில் 3 வீதம் அளவுக்கே இறங்கிவிடும். குழம்பில் கருவாடு போட்டதாகச் சொல்லி, சட்டிக்கு மேலே கருவாட்டைக் காட்டிவிட்டு எடுப்பது மாதிரி. பொன்னிறத்தையும் நம்பாதீர்கள். கருகிய சீனி நிறத்தைக் கொடுத்துவிடும், வயதைக் கொடுக்காது. 2006-ஆம் ஆண்டின் 27-ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு இலங்கையில் மதுவுக்கு விளம்பரம் செய்ய முடியாது. வாங்குபவருக்கு மிஞ்சுவது லேபிள் மட்டும். அதையும் வாசிக்காமல் வாங்குகிறோம்.

✦

லேபிளுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் வியாபாரிகள் வெறும் மதுசாரத்தில் புகையிலைச் சாற்றையும் வேறு கண்டதையும் கலந்து 'பழைய விஸ்கி' என்று விற்றார்கள். 1897-இல் ஒரு சட்டம் வந்தது. ஒரே வடிசாலை, ஒரே பருவம், குறைந்தது நான்கு வருடம், சரியாக 50 வீதம் மதுசாரம், அரசாங்கக் காவலிலுள்ள கிடங்கு. இவை அத்தனையும் பொருந்தினால் மட்டுமே 'பொட்டில்ட் இன் பொண்ட்' என்று எழுதலாம். இன்றும் பேர்பன் வாங்குவோரிடம் கேட்டால், விலைக்கு மோசம் போகாத போத்தலைத் தேட அந்த மூன்று சொற்களைப் பார்க்கச் சொல்வார்கள்.

✦

ஒரு சின்னக் கணக்கு. 33.5 வீதச் சாராயம் 750 மில்லிலீற்றர் போத்தலில் தூய மதுசாரம் சுமார் 251 மில்லிலீற்றர். 50 வீத பேர்பன் அதே அளவுப் போத்தலில் 375. அதாவது ஒன்றரை மடங்கு. இரண்டு போத்தலின் விலையை ஒப்பிடுகிறவர்களில் பாதிப்பேர் இதைப் பார்ப்பதில்லை. தண்ணீருக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறோம்.

அமெரிக்கப் போத்தலில் '100 புரூஃப்' என்றிருந்தால் பயப்பட வேண்டாம். பாதியாக்கினால் வீதம் வந்துவிடும். பழைய பிரிட்டிஷ் புரூஃப் வேறு: அங்கே 100 என்பது 57.1 வீதம்.

✦

பீப்பா, தவறணை. இரண்டும் நம்மிடம் போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள். கப்பல் போய்விட்டது, கடைப் பலகை இருக்கிறது.

✦

அரபு மொழியில் 'அரக்' என்றால் வியர்வை. வடிகலத்தில் துளி துளியாகத் திரண்டு விழுவதைப் பார்த்து வைத்த பெயர். அதுதான் சிங்களத்தில் 'அரக்கு', ஆங்கிலேயர் வாயில் 'அரக்'. தமிழில் அரக்கு என்றால் முத்திரை வைக்கும் மெழுகு; நாம் சாராயத்தோடு நின்றுகொண்டோம். 'மேக்கர்ஸ் மார்க்' என்ற பேர்பன் போத்தலின் கழுத்தைச் சிவப்பு மெழுகில் தோய்த்து எடுப்பார்கள். ஆக, அரக்கு முத்திரை குத்தியது பேர்பன், அரக்கு நம்முடையது!

✦

பழையது என்றால் நல்லதா? இந்த நம்பிக்கையால் கெட்ட பணம் கொஞ்சமல்ல.

மரப்பீப்பாவிலிருந்து வருடாவருடம் கொஞ்சம் ஆவியாகிப் போகும். 'தேவதைகளின் பங்கு' என்று செல்லப் பெயர். குளிரான ஸ்கொட்லாந்தில் வருடத்துக்குச் சுமார் 2 வீதம். கென்டக்கியில் அதைவிடக் கூட. பெங்களூரில் அம்ருத் விஸ்கி செய்பவர்களுக்கு 10 வீதத்துக்கு மேல் போய்விடுகிறது. நம் பக்கத்துத் தேவதைகளுக்குத் தாகம் அதிகம்போல. ஆனால் அதே வெக்கைதான் மரத்துக்குள்ளிருக்கும் மணத்தையும் வேகமாக உறிஞ்சி எடுக்கிறது. அதனால் அங்கே நாலைந்து வருடத்தில் பக்குவமாகிறது. 'விஸ்கி பைபிள்' வழிகாட்டி நூலின் 2010-ஆம் ஆண்டுப் பதிப்பு அம்ருத் ஃபியூஷனை உலகின் மூன்றாவது சிறந்த விஸ்கி என்றபோது, வயதைப் பார்த்து விலை சொன்னவர்கள் திகைத்தார்கள்.

பேர்பனுக்குள்ள சங்கடம் இன்னொன்று. ஒவ்வொரு தடவையும் புதுப் பீப்பா, அதுவும் கருக்கியது. இருபது வருடம் ஊறினால் மரம் சாராயத்தை விழுங்கிவிடும். வாயில் வைத்தால் மரத்தூளைச் சப்பின மாதிரி துவர்க்கும். எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் நிறுத்தினால் போதும் என்பது என் கட்சி.

✦

நம் சாராயத்துக்கு வழக்கமாக ஓக் கிடையாது. பெரிய மரத்தொட்டிகளில் ஊறவைப்பார்கள். அதற்குப் பேர்போன மரம் ஹல்மில்ல. தமிழில் சாவண்டலை, மர வியாபாரத்தில் 'திருகோணமலை மரம்'. ஓக் போல வனிலாவையும் தேங்காயையும் அள்ளிக் கொட்டாது. முரட்டுத்தனத்தைத் தணிக்கும், அவ்வளவே. பேர்பனின் பீப்பா ஏறக்குறைய 200 லீற்றர். நம் தொட்டி அதைவிடப் பல மடங்கு பெரிது. சாராயம் எவ்வளவுக்கு மரத்தைத் தொடுகிறதோ அவ்வளவுக்குத்தான் மரம் பேசும். ஆகவே '10 வருடச் சாராயம்', '10 வருட பேர்பன்' இரண்டையும் எண்ணை மட்டும் வைத்து ஒப்பிடுவது, மல்லிகையையும் மரவள்ளியையும் தராசில் வைத்து மணத்தைக் கேட்பது போல.

✦

1344-இல் நம்மூருக்கு ஒரு பெரிய விருந்தாளி வந்தார்: இப்னு பதூதா. கரையொதுங்கிய பட்டணத்தின் பெயரைப் 'பத்தாலா' என்று எழுதிவைத்தார். புத்தளம் என்றே கொள்கிறார்கள். கடற்கரையில் கறுவாக் கட்டைகள் குவிந்து கிடந்ததைப் பார்த்தார். ஆரியச் சக்கரவர்த்தி அரசர் முன்னால் முத்துக்கள் கொட்டிக் கிடந்தன. ஆட்கள் நல்லதை வேறாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அரசர் சில முத்துக்களை எடுத்துக் காட்டி, வேறெங்காவது இதைப்போலக் கண்டதுண்டா என்று கேட்டார். இல்லவே இல்லை என்றார் பயணி.

வேறென்ன சொல்வார்? சாப்பாடு போடுபவர் கையில் முத்து இருக்கும்போது வரும் மதிப்பீடு எப்போதும் உயர்ந்ததாகவே இருக்கும். வெளிநாட்டுப் போத்தலைக் கொண்டுவந்தவர் எதிரிலிருந்து "எப்படி?" என்று கேட்கும்போதும் இதே கதை.

✦

இது வெறும் மரியாதையோடு நின்றால் பரவாயில்லை. 2008-இல் கலிபோர்னியாவிலிருந்து ஓர் ஆய்வு வெளியானது. ஒரே வைனை ஒரு தடவை 10 டொலர் என்றும் இன்னொரு தடவை 90 டொலர் என்றும் சொல்லிக் கொடுத்து மூளையை ஸ்கேன் செய்தார்கள். 90 டொலர் என்று கேட்டபோது மூளையில் இன்பத்தை உணரும் பகுதி உண்மையாகவே கூடுதலாக வேலை செய்தது. ஆள் நடிக்கவில்லை. விலை நாக்குக்குள் போய்விட்டது.

அதே ஆண்டில் வெளியான இன்னோர் ஆய்வில் 6,000-க்கு மேற்பட்ட தடவை விலை தெரியாமல் வைன் குடிக்கவைத்துப் பார்த்தார்கள். பயிற்சி இல்லாதவர்கள் விலை கூடியதைச் சற்றுக் குறைவாகவே விரும்பினார்கள்.

✦

அமெரிக்காவில் 'பாப்பி வான் விங்கிள்' என்றொரு பேர்பன். கடை விலையைப்போலப் பல மடங்குக்குக் கைமாறுகிறது. 2013-இல் வடிசாலையிலிருந்தே 200 போத்தல் அளவில் காணாமல்போய் ஊர் அல்லோலகல்லோலப்பட்டது. அதே வடிசாலையில், சோளத்தோடு கோதுமை சேரும் அதே கலவையில் செய்யப்படுவது 'வெல்லர்'. பீப்பா நின்ற இடமும் ஊறிய காலமும் வேறு. இது வெளியே தெரிந்ததும் 'ஏழையின் பாப்பி' என்று வெல்லரைத் தேடத் தொடங்கினார்கள். தேடினால் என்ன ஆகும்? இப்போது அதுவும் ஏழைக்குக் கிடைப்பதில்லை.

✦

தம்பி போன ஞாயிறு ஒரு வேலை செய்தான். ஒரே மாதிரி மூன்று கிளாஸ். அடியில் சோக்கால் 1, 2, 3. ஒன்றில் பேர்பன், ஒன்றில் முழுத் தென்னஞ்சாராயம், ஒன்றில் கலவைச் சாராயம். ஊற்றினது உள்ளே, அவன் தனியாக. கொண்டுவந்து வைத்தது மாமி. எது எதிலென்று அவவுக்கும் தெரியாது. ஊற்றினவனே கொண்டுவந்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

இறால் பொரியலை எட்டவே வைத்தாயிற்று. சிலாபத்து ஆட்களுக்குப் பைட்ஸ் இல்லாமல் கிளாஸைத் தொடுவது பாவம் மாதிரி. ஆனால் மிளகாய்த்தூளும் வெங்காயமும் நாக்கில் ஏறிவிட்டால் பிறகு எல்லாச் சாராயமும் ஒரே சாராயம். பதிலுக்கு மாரி பிஸ்கட், பச்சைத்தண்ணீர்.

மாமா கிளாஸை வாயில் வைக்கவில்லை. ஒவ்வொன்றிலும் இரண்டு சொட்டை உள்ளங்கையில் விட்டார். பரபரவெனத் தேய்த்தார். சூட்டில் மதுசாரம் பறந்துபோக, கையைக் குவித்து முகர்ந்தார். கென்டக்கியிலும் வடிசாலைக்காரர் இதையே செய்வதுண்டு; மாமாவுக்குச் சொல்லிக்கொடுத்தது கென்டக்கியல்ல, கொப்பரா சூளை. எண்ணெய் காறியதா என்று கையில் தேய்த்துப் பார்த்த பழக்கம்.

"ஒண்டில ஒண்டுமில்ல. வெறும் நெடி. ரெண்டு அந்தத் தேங்காய்ப்பூ. மூண்டு பாளை."

மூன்றும் சரி. எனக்கு இரண்டு பிழை. கலவைச் சாராயத்தையே நான் நல்லது என்றேன், நிறம் கறுத்திருந்தது. நிறத்தை நம்பாதே என்று மேலே எழுதியிருப்பவனும் நானேதான்.

✦

மூக்கைக் கிளாஸுக்குள் ஆழமாக விட்டு இழுக்காதீர்கள். மதுசாரம் எரித்துவிட்டால் கொஞ்ச நேரத்துக்கு மணமே தெரியாது. வாயைக் கொஞ்சம் திறந்தபடி, தள்ளி வைத்து முகர வேண்டும். வீரியம் குறைந்ததிலிருந்து கூடியதுக்குப் போக வேண்டும். முதல் மிடறு கணக்கில் வராது, அது நாக்கைப் பழக்குவதற்கு.

தண்ணீர் விடுவது கோழைத்தனம் என்பார் சிலர். 2017-இல் ஸ்வீடன் ஆய்வாளர் இருவர் கணினியில் கணக்குப்போட்டுக் காட்டினார்கள்: வீரியம் கூடிய விஸ்கியில் புகை மணம் தரும் குவாயாகோல் போன்ற மூலக்கூறுகளை மதுசாரம் சூழ்ந்து உள்ளேயே பிடித்துவைக்கும், தண்ணீர் சேர்ந்தால் அவை மேற்பரப்புக்கு வரும். சில சொட்டுக் காணும். சோடாவும் ஐஸும் வேறு கதை. அது ருசி பார்ப்பதல்ல, வெக்கைக்கு மருந்து.

✦

தீக்குச்சி கிழித்து, நீலமாக எரிந்தால் நல்ல சரக்கு என்று சொல்லும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். எரிவது மதுசாரம் கூட இருக்கிறது என்பதை மட்டுமே காட்டும். கண்ணைக் குருடாக்கி உயிரையும் எடுக்கும் மெத்தனோலும் எரியும், அதுவும் நிறமே தெரியாத அளவுக்கு மெல்லிய நீலத்தில். கசிப்பைத் தீக்குச்சியால் பரீட்சை செய்ய முடியாது. முகர்ந்தும் முடியாது, மாமாவின் மூக்காலும் முடியாது.

✦

2018 ஜனவரியில் ஒரு கூத்து நடந்தது. பெண்கள் மது வாங்கக்கூடாது என்ற பழைய தடையை நிதியமைச்சர் நீக்கினார்; சில நாட்களுக்குள் ஜனாதிபதி அதைத் திரும்பப் போடச் சொன்னார். கிளாஸைக் கொண்டுவந்த மாமி இதைக் கேட்டுச் சொன்னது: "குடிக்கிறதுக்கு இல்ல, வாங்கிட்டு வரச்சொல்லி அனுப்பாம இருந்தாச் சரி."

✦

ஒரு தடவை பேர்பன் ஊறிய பீப்பாவில் மறுபடி பேர்பன் ஊறவைக்க முடியாது, விதி அப்படி. அதனால் பழைய பீப்பாக்கள் உலகம் சுற்றுகின்றன. ஸ்கொட்லாந்து விஸ்கிக்குப் பெரும்பங்கு போகிறது, பெங்களூருக்கும் வருகிறது. டபாஸ்கோ மிளகாய்ச் சோஸ்கூட அந்தப் பீப்பாவில்தான் புளிக்கிறது.

✦

முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் கள் புளிக்காது, கருப்பணியாக இறங்கும். கற்பிட்டி, புத்தளத்து முஸ்லிம் வீடுகளிலும் தடையில்லாமல் குடிக்கலாம். சுண்ணாம்பு பூசாமல் விட்டால் கள். கள்ளைக் காய்ச்சி வடித்தால் சாராயம். வடிக்காமல் மூடித் துணி கட்டி வாரக்கணக்கில் விட்டால் மதுசாரமெல்லாம் அசற்றிக் அமிலமாகி, தென்னை வினாகிரி. ஒரே பாளை, நாலு வழி.

தம்பி போகும் முன்னே பேர்பன் போத்தல் காலியாகிவிட்டது. கனத்த கண்ணாடி, நல்ல தக்கை, எறிய மனம் வரவில்லை. மாமி கழுவிக் காயவைத்து அதில் வினாகிரி ஊற்றி வைத்திருக்கிறா. அச்சாறுக்கு எடுக்கும்போதெல்லாம் மாமா ஒரு தடவை முகர்ந்து பார்க்கிறார்.